முதல் வேலைக்கு ஆகாத வண்டி

திருப்பூருக்கு வருஷம் தவறாமல் போய்வருகிறவள் நான். காலையில் இறங்கி, காதர்பேட்டையில் சரக்கைப் பார்த்து எடுத்து, கட்டி ஏற்றி, பொழுது சாய்வதற்குள் ஊரைப் பார்க்கத் திரும்பிவிடுவேன். அங்கே தங்கினது இந்தத் தடவைதான். நானாகத் தங்கவில்லை. என் வேன் தங்கிவிட்டது. அதை விட்டுவிட்டு வர மனசில்லாமல் நானும் தங்கினேன்.

எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். சந்தைக்குச் சந்தை, கோயில் கொடைக்குக் கொடை துணி விற்கிறேன். பனியன், அரைக்கால் சட்டை, பொம்பளைப் பிள்ளைகளுக்கு லெக்கின்ஸ், எல்லாம் திருப்பூர்ச் சரக்கு. வெளிநாட்டுக்குப் போகாமல் கழித்த துணி. எங்காவது ஒரு தையல் கோணியிருக்கும், போட்டுக்கொள்கிற உடம்புக்கு அது தெரியாது. வேனின் பக்கக் கதவைத் தூக்கிக் கட்டினால் அதுதான் கடை. என் வீட்டுக்காரர் வாங்கிய வேன். அவர் காலத்துக்குப் பிறகு மாரியப்பன் ஓட்டுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஓட்டவேண்டும் என்று சொல்கிறேன். எழுத்து எனக்குப் பிந்தி வந்தது. இதையும் ஒவ்வொரு எழுத்தாக வைத்துத்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்களும் மெதுவாகவே படிக்கலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

புறப்படும்போது மூத்த மகன் தங்கராசு வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யம்மா, இதுதான் கடைசி. இந்த நடையும் வண்டி வழியில நின்னுச்சுன்னா அங்கயே எவங்கிட்டயாவது தள்ளிவிட்டுட்டு பஸ்ஸேறி வந்துரணும். பொறவு வீட்டுல இருக்கணும். சம்மதமா?"

"நிக்காதுல" என்றேன்.

"நின்னுச்சுன்னா?"

"நின்னாச் சம்மதம்."

பேச்சு மாறுகிற வழக்கம் எனக்கு இல்லை. வீட்டில் இருப்பது என்றால் என்ன என்றும் எனக்குத் தெரியும். டிவிக்கு எதிரே ஒரு நாற்காலி, வேளைக்கு மாத்திரை, எதைத் தொட்டாலும் மருமகள், "நீங்க சும்மா இருங்க அத்தை" என்பாள். நல்ல பிள்ளைதான். ஆனால் சும்மா இருக்க நான் படிக்கவில்லை.

சரக்கெல்லாம் ஏற்றியாகிவிட்டது. அருள்புரத்துக்குள் போய்க்கொண்டிருக்கும்போது வேனின் வயிற்றுக்குள் டங்கென்று ஒரு சத்தம். கியர் கம்பி மாரியப்பன் கையைவிட்டுத் துள்ளி என் முழங்காலில் அடித்தது. உள்ளே காற்றாடி எதிலோ உரசிக் கத்தியது. மாரியப்பன் பயந்துபோய் என்ஜினை அணைத்தான். அணைத்த இடம் ஒரு பனியன் கம்பெனியின் கேட்டுக்கு நேர் எதிரே.

வாட்ச்மேன் வந்தார். "ஏனுங்கம்மா, இங்க வண்டி நிறுத்தக் கூடாதுங்க."

"நான் நிறுத்தலய்யா. அதுவா நின்னுட்டு."

"லோடு வண்டி வருமுங்க."

"வரட்டும். இதுவும் லோடு வண்டிதான்."

"கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் தள்ளிக்கிட்டீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

இந்த ஊர்க்காரர்களோடு எனக்குள்ள தொந்தரவே இதுதான். போ என்பதையும் வா என்கிற மாதிரியே சொல்கிறார்கள். எங்கள் பக்கம் என்றால் அவர் ஒன்று சொல்வார், நான் இரண்டு சொல்வேன், அந்தச் சத்தத்துக்கு நாலு பேர் கூடி, கூடின நாலு பேரும் வண்டியைத் தள்ளிவிட்டிருப்பார்கள். இங்கே வந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்றே தெரியவில்லை.

நல்லவேளை, கம்பெனியில் டீ நேரம். தையல்காரப் பையன்கள் ஒரு கூட்டம் வெளியே வந்தது, பாதிப் பேர் வடக்கத்திக்காரர்கள். ஆளுக்கு ஒரு கை வைத்துத் தள்ளினார்கள். அதில் ஒருத்தன் இந்தியில் என்னவோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். மாரியப்பன் முந்தி பம்பாயில் இருந்தவன்.

"என்னல சொல்லுதான்?" என்று கேட்டேன்.

"விடுங்க ஆச்சி."

"சொல்லு."

"கிழவிய எறக்கிவிட்டா வண்டி பாதி லேசாயிருமாம்."

நான் இறங்கவில்லை. இருந்தபடியே ஒர்க் ஷாப் வரைக்கும் போனேன்.

மெக்கானிக் பேர் குமரேசன். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு, சட்டையில் பொத்தான் இல்லை. வேனுக்கு அடியில் படுத்து, எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "என்ஜின் மவுண்டிங் போல்ட்டு போயிருச்சுங்கம்மா" என்றான். எதையோ பறிகொடுத்த வீட்டில் விசாரிக்கிற குரல்.

எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்றேன். சொன்னான். என்ஜின் வண்டிக்குள் சும்மா கிடக்கிற சாமான் இல்லையாம். இரண்டு பக்கமும் ரப்பர் மெத்தை போட்டு உட்காரவைத்து, போல்ட்டால் பிடித்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் மூன்று போல்ட்டில் இரண்டு அறுந்துவிட்டது. என்ஜின் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. அறுந்த போல்ட்டின் தலைதான் கீழே விழுந்திருக்கிறது, உடம்பு என்ஜினின் துளைக்குள்ளேயே நிற்கிறது. அதை எடுத்தால்தான் புதுசு போடமுடியும்.

"எப்பம் எடுப்ப?"

"எடுத்தர்லாமுங்க."

"அது சரி. எப்பம்?"

"பண்ணிக் குடுத்தர்றனுங்கம்மா, நீங்க எதுக்கு யோசன பண்றீங்க? டீ சாப்புடுங்க."

டீ சாப்பிடப் போனால், இந்த ஊரில் டீக்கடைக்கு பேக்கரி என்று பேர். தெருவுக்கு ஒன்று இருக்கிறது. வடை கேட்டால் எண்ணெய் காய்வதே சாயங்காலம்தான் என்றார்கள். தேங்காய் பன் சாப்பிடச் சொன்னார்கள். சுட்டதும் இல்லை பொரித்ததும் இல்லை, மெத்தைக்குள் சர்க்கரை வைத்த மாதிரி இருந்தது. இதைத் தின்றுவிட்டு எப்படி இவர்கள் ஒன்றரை ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் பார்க்கிறார்கள். இருட்டியும் கம்பெனி வேன்கள் ஆள்களை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு நாய்கூடக் குரைக்காது.

லாட்ஜுக்குப் போகவேண்டாம் என்று குமரேசன் பெண்சாதி சாரதா வந்து கூப்பிட்டாள். ஒர்க் ஷாப்புக்குப் பின்னாலேயே வீடு. அவள் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள், தைத்து வந்த துணியில் குறை பார்த்துக் கழிக்கிற வேலை.

"அப்பம் நான் விக்கித துணியெல்லாம் நீ கழிச்சதுதான்" என்றேன்.

"அப்படித்தானுங்க இருக்கும். நான் கழிக்கலீன்னா உங்களுக்கு யாவாரம் ஏதுங்க" என்றாள். வாய் உள்ளவள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் சரக்கை இறக்கச் சொன்னான் குமரேசன். பாரத்தோடு ஜாக்கி வைக்கமுடியாதாம். கிரீஸும் கரி எண்ணெயுமாகக் கிடக்கிற தரையில் வெள்ளைப் பனியன் மூட்டையை எங்கே இறக்குவது? சாரதா முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். மூட்டையைக் கொண்டுபோய் அடுக்கும்வரைக்கும் நான் வாசலில் நின்று மாரியப்பனை ஏசிக்கொண்டே இருந்தேன். அவனுக்கு அது பழக்கம்.

என்ஜினுக்கு அடியில் பலகை வைத்து, பலகைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். குமரேசன் கையை விட்டு எதையோ பிடித்து இழுத்தான். கறுப்பாக, ஊறிப்போய், கம்பி சுற்றிய பொட்டலம் ஒன்று வந்தது.

"அம்மா, உங்க வண்டிக்கு ரப்பருக்குப் பதிலா பனியன் போட்டிருக்குதுங்க."

கம்பியைப் பிரித்து, பெட்ரோலில் அலசி, இரண்டு விரலால் இழுத்து வெளிச்சத்தில் பார்த்தான். இந்த ஊரில் மெக்கானிக்கும் துணியை இழுத்துத்தான் பார்ப்பான் போலிருக்கிறது. "இன்டர்லாக்குங்க. நல்ல துணி. ஆனா மேலுக்குப் போடறதுங்க இது, என்ஜினுக்குப் போடறதில்லீங்க."

நான் மாரியப்பனைப் பார்த்தேன். அவன் ஜாக்கியைப் பார்த்தான்.

"கொடை நேரம் ஆச்சி. ரப்பரு நைஞ்சு போச்சு. கடையெல்லாம் அடைச்சிருந்தான். அதான் ஒரு பனியன மடிச்சு..."

"எவம் பனியன?"

"சரக்குலதான். ஓட்டை விழுந்ததுதான் ஆச்சி."

"ஓட்டை விழுந்ததுன்னா பாதி விலைக்கு வித்திருப்பேம்ல."

ரப்பர் என்றால் என்ஜின் ஆடுகிற ஆட்டத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். துணி நசுங்கி, கல் மாதிரி ஆகி, எல்லா ஆட்டத்தையும் போல்ட்டின் தலையில் போட்டுவிட்டது. இரும்பானாலும் எத்தனை நாள் தாங்கும்? இதைக் குமரேசன் மாரியப்பன் மனம் நோகாமல், "அவசரத்துக்கு எல்லாரும் செய்யறதுதானுங்க" என்று சொன்னான். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. நான் ஏசுவதற்கு என்று வைத்திருந்த ஆளை அவன் சமாதானம் பண்ணிவிட்டான்.

துளைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்த துண்டில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, டீசலை விட்டு ஊறப்போட்டு, ஸ்பேனர் போட்டுத் திருப்பினான். முனகிக்கொண்டே வந்துவிட்டது. மற்றது உள்ளே மட்டமாக அறுந்திருந்தது. பிடிக்க இடம் இல்லை. அதை டிரில் போட்டுத் துளைத்து எடுத்து, புதிதாக மரை வெட்டி, லேத்தில் கடைந்த ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட்டு ஒன்று போடவேண்டும் என்றான். ஸ்டட், புதுப் போல்ட்டு, ரப்பர் மெத்தை எல்லாம் சாயங்காலமே வந்துவிட்டது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"விடிஞ்சதும் போட்டுருவல்லா?"

"நாளைக்குப் பூசைங்களே" என்றான்.

அலைச்சலில் ஆயுத பூஜையை மறந்தே போயிருந்தேன்.

விடிந்து போய்ப் பார்த்தால் ஸ்பேனர்கள் குளித்துக்கொண்டிருந்தன. அண்டாவில் சோப்புத்தண்ணீர். எடுத்துத் துடைத்து, மேஜையில் சிவப்புத் துணி விரித்து, பெரிசு சின்னது வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம். டிரில் மிஷினுக்கு மாலை. கம்ப்ரசருக்கு மாலை. நடுவில் முருகன் படம். முருகனுக்கு முன்னால் வெற்றிலை பாக்குத் தட்டில் என் ஸ்டட்டும் என் போல்ட்டும்.

"அது என் சாமான்ல்லா" என்றேன்.

"ஆமாங்க. உங்க வண்டி நல்லா ஓடோணுமுன்னுதானுங்க வெச்சது."

"ஓடணும்னா வண்டியில வைக்கணும்."

சிரித்தான். மத்தியானம் பூஜை. வெள்ளைப் பூசணிக்காயை நடு வாசலில் போட்டு உடைத்தான். பூஜை ஆனபிறகு ஒருத்தரும் ஒன்றையும் தொடக்கூடாது, மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்கவேண்டும். இது எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. நானும் வீட்டில் அளவு டேப்பையும் கத்திரியையும் வைத்துக் கும்பிடுகிறவள்தான். ஆனால் என் கத்திரியை நம்பி ஒருத்தர் அசலூரில் வந்து கிடக்கவில்லையே.

மாரியப்பன் என்ன செய்தான் தெரியுமா? அவனுடைய டூல்ஸ் பையையும் கொண்டுபோய் அதே மேஜையில் வைத்துவிட்டான். வேன் சாவியையும்.

"சாவிய எதுக்குல வச்ச?"

"டிரைவருக்கு அதான ஆச்சி ஆயுதம்."

ஊரே பூஜையில் இருந்தது. ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் வாழைக்கன்று, ஒலிபெருக்கி, பட்டுச்சேலை கட்டின பிள்ளைகள். சாரதாவின் கம்பெனியில் தையல் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பொரி, சுண்டல், ஒரு பெட்டி மிட்டாய். வாங்கின பொரியை இரண்டு நாள் தின்னலாம். ராத்திரிக்கு அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுக் குழைவாக ஒரு சாதம் வைத்தாள், மேலே நெய். அதைக் குறை சொல்ல முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கராசு போன் போட்டான்.

"எங்கம்மா இருக்க?"

"திருப்பூர்லதான். நல்ல சரக்கு வருதுன்னாங்க, பாத்துக்கிட்டு இருக்கேன்."

"வண்டி?"

"வண்டிக்கென்ன, பூசையெல்லாம் போட்டு நிக்கி."

நிற்கிறது என்று நானே சொல்லிவிட்டேன். அவன் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி இருந்துகொண்டான்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்தது. கற்பூரம் அணைந்தது. குமரேசன் ஸ்பேனர் ஒன்றைக் கும்பிட்டு எடுத்தான். நான் எழுந்து நின்றேன். அவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன பாக்க?"

"முத வேலைங்க, நல்ல வண்டி ஒண்ணு வரட்டுமுங்க."

"என் வண்டிக்கு என்ன?"

தயங்கினான். "தப்பா நெனைக்காதீங்கம்மா. பூசை முடிஞ்சு முதமுதல்ல உடஞ்சதுல கை வெச்சா வருசம் பூரா உடஞ்சதாவே வருமுங்க. எங்கப்பா காலத்துல இருந்தே அப்படித்தானுங்க. புது பைக்கு ஒண்ணு சர்வீசுக்கு வர்றேன்னிருக்காருங்க. அது ஆனதும் உங்குளுதுதான்."

"மெக்கானிக் கடைக்கு உடைஞ்சது வராம முழுசாவால வரும்?" என்று கேட்டேன். "அதானுங்க யாவாரம், ஆனா முத கை மட்டும்..." என்று இழுத்தான்.

நானும் போணி பார்க்கிறவள்தான். சந்தையில் முதல் ஆள் பேரம் பேசி வாங்காமல் போனால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுக்கமாட்டேன். கைராசிக்காரியான ஒருத்தி வந்து ஒரு கைக்குட்டையாவது வாங்கட்டும் என்று கடையை விரித்துவிட்டுக் காத்திருந்திருக்கிறேன். அந்த நம்பிக்கை எனக்கு இருந்தால் அது விவரம், அவனுக்கு இருந்தால் மடமையா? உட்கார்ந்தேன்.

புது பைக்குக்காரர் வரவில்லை. போன் போட்டால், "வந்துட்டே இருக்கேனுங்க" என்றாராம். வெயில் ஏறியது. கம்பெனி எல்லாம் லீவு, ரோட்டில் வண்டியே குறைவு. போகிற வண்டியும் மாலையும் வாழையுமாக நிற்காமல் போயிற்று. மாரியப்பன் பொரி தின்றுகொண்டிருந்தான். அந்தச் சத்தம் என் மண்டைக்குள் கேட்டது.

ஒரு கட்டத்தில் எழுந்தேன். முன்னறைக்குப் போய் ஒரு மூட்டையைப் பிரித்து, நல்ல கலராகப் பத்துப் பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் போய் நின்றேன்.

"ஆச்சி, என்ன செய்யுதிய?" என்றான் மாரியப்பன்.

தொண்டையைச் செருமி, சந்தைக் குரலை எடுத்தேன். "வாங்க, வாங்க. ஒரு திருகு முடுக்கிட்டுப் போங்க, ஒரு பனியன் சும்மா. வண்டிக்குத் திருகு முடுக்குனா பனியன் சும்மா."

முதலில் வந்த புருஷன் பெண்சாதி, நான் கையைக் காட்டினதும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தவர் நின்று, "என்னுங்க திட்டம் இது?" என்று கேட்டு, சீட்டுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். வடக்கத்திப் பையன் ஒருத்தன் சைக்கிளில் வந்து பனியனைத் தொட்டுப் பார்த்தான். குமரேசன் உள்ளேயிருந்து, "சைக்கிள் வேண்டாமுங்கம்மா, செயினு துருப்பிடிச்சிருக்குதுங்க" என்றான். அவனை அடிக்கலாமா என்று இருந்தது.

கடைசியில் ஒரு ஸ்கூட்டர், ஓட்டி வந்தது ஒரு பெண். புதுச்சேலை, தலை நிறைய மல்லிகை, வண்டியின் ஹேண்டில்பாருக்கும் விளக்குக்கும் சந்தனப் பொட்டு. கண்ணாடி மட்டும் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் ஸ்கூட்டருக்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, கோயிலுக்குப் போறனுங்க, வழி விடுங்க" என்றாள்.

"ஒரு நிமிசம்மா. உன் கண்ணாடி ஆடுது. இந்த மெக்கானிக் இன்னிக்கு முதல் வேலை உன் கையால ஆரம்பிக்கணும்னு நிக்கான். முடுக்கிக்கிட்டுப் போ. இந்தா, உனக்கு எந்தக் கலரு வேணும்?"

அவள் என்னைப் பார்த்தாள், கடைக்குள் ஸ்பேனரோடு நிற்கிறவனைப் பார்த்தாள். "எனக்குப் பனியன் வேண்டாமுங்க, நாந்தான் தெனமும் தைக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை உள்ளே திருப்பினாள். குமரேசன் கண்ணாடியை முடுக்கினான், ஒரு முறைக்கு மூன்று முறை முடுக்கினான். அவள் நாணயம் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அவள் ஸ்கூட்டர் ரோட்டை ஏறவும் இவன் என் வேனுக்கு அடியில் போகவும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு குறையும் சொல்லமாட்டேன். டிரில் கத்தியது, இரும்புப் பொடி கொட்டியது, மரை வெட்டினான், சந்தனம் ஒட்டின ஸ்டட்டைத் துடைத்துப் போட்டான், ரப்பர் மெத்தையை வைத்தான், போல்ட்டை முடுக்கினான். ஜாக்கியை இறக்கினதும் என்ஜின் பெருமூச்சு விட்டு நேராக உட்கார்ந்தது. மறுபடி சரக்கை ஏற்றினோம். சாரதா பனியன் ஒன்றுகூட வாங்கமாட்டேன் என்றாள். வலுக்கட்டாயமாக ஒரு நைட்டியைக் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல தையல் விட்டிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

பல்லடத்தைத் தாண்டினபிறகு தங்கராசுக்கு நானே போன் போட்டேன்.

"கிளம்பிட்டோம்ல. வண்டி நல்லா ஓடுது."

"தெரியும்மா. மாரியப்பன் தெனமும் சொல்லிக்கிட்டுதான் இருந்தான். வண்டி நின்ன அன்னிக்கே சொல்லிட்டான்."

மாரியப்பன் ரோட்டை ரொம்பக் கவனமாகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நின்னாச் சம்மதம்னு சொன்னல்லா" என்றான் தங்கராசு. "வண்டி வாங்க ஒரு ஆளு கேட்டிருக்காரு. நாளைக்கு வீட்டுக்கு வாராரு."

சொன்னது நான்தான். சம்மதம் என்ற சொல்லும் என் வாயில் வந்ததுதான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"வரட்டும்" என்றேன். "வந்தவருக்கு மோர் குடுத்து உக்காத்தி வையி. வண்டி வீட்டுக்கு வந்ததும் பாக்கட்டும்."

"எப்பம் வருவிய?"

"சரக்கு கிடக்குல்லா. தீபாவளிச் சந்தையெல்லாம் முடியட்டும்."

"யம்மா, தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாளு கிடக்கு. அதுவரைக்கும் வீட்டுக்கு வரமாட்டியா?"

"எங்க தங்குவேன்னு கேக்கியா? நாலு நாளு இந்த வண்டிக்குப் பக்கத்துல தங்கிப் பழகிட்டேன்."

போனை வைத்துவிட்டு மாரியப்பனிடம், வீட்டுக்கு வேண்டாம், நேராக ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு விடு என்றேன்.

"அண்ணாச்சி ஏசுவாருல்லா ஆச்சி."

"ஏசட்டும். உன்னை நான் ஏச வேண்டியது இன்னும் பாக்கி கிடக்கு. அது முடியவே சந்தை வந்துரும். ஓட்டு."